படத்தில் இல்லாத கதவு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தொழிலில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான். சுவர் கோணாமல் எழும்புகிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் ஒரு காற்றுக்குமிழி ஓடுமே, அந்தக் கருவியின் பெயர். சூட்டியவர் ஒரு வீட்டுத் தரகர். சும்மா சூட்டவில்லை. மனிதர் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகச் சுவரில் தொங்கும் காலண்டரை நேராக்குவார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், இறந்தவருடைய படம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறதென்று எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாளாம்.

விற்பனைக்கும் வாடகைக்கும் வருகிற வீடுகளை உள்ளே போய்ப் படம் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். ஆட்களைப் படம் எடுக்க அவருக்கு வராது. “சிரிங்க” என்று இன்னொருவரிடம் சொல்வதற்குள் அவருக்கே முகம் சுருங்கிவிடும். சுவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. நேராக நிற்க வைத்தால் நேராக நிற்கும். இருபத்திரண்டு வருடங்களாக அவர் காலி அறைகளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்வாள். வீட்டில் பேசுவதைவிட அங்கே அதிகம் பேசுகிறார் என்பதும் அவள் சொன்னதுதான்.

அவரிடம் ஒரு அகலக் கோண லென்ஸ் உண்டு. அதை அவர் வாங்கிய கதையைத் தொழிலில் இருக்கிறவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய லென்ஸ் விற்கிற கடை ஒன்று, மாடிப்படி ஏறிப் போக வேண்டும். கடைக்காரர் மூன்று லென்ஸ்களை மேசைமேல் வைத்தார். இவர் அவற்றைத் தொடவில்லை. பையிலிருந்து பழைய செய்தித்தாளையும் ஒட்டுகிற டேப்பையும் எடுத்துக் கடைச் சுவரில் தாள் தாளாக ஒட்ட ஆரம்பித்தார்.

“லென்ஸ் வாங்க வந்தீங்களா, என் கடைச் சுவத்துக்குப் பேப்பர் ஒட்ட வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

“ரெண்டும்தான்” என்றார் இவர், திரும்பிப் பார்க்காமலே.

முக்காலியை நிறுத்தினார். குமிழி நடுவில் வரும்வரை ஒவ்வொரு காலாகத் திருகினார். லென்ஸின் துளையை எட்டு என்ற எண்ணில் வைத்தார். முழுக்கத் திறந்தால் ஓரங்கள் மங்கும், மிகவும் மூடினாலும் மொத்தப் படமும் மழுங்கும், எட்டில்தான் எல்லா லென்சும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு. பட்டனை அழுத்திய விரலின் அதிர்வு அடங்கட்டும் என்று இரண்டு நொடி கழித்துத் திறக்கும்படி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்த்தார். நடுவை அவர் பார்க்கவே இல்லை.

முதல் லென்ஸில் வலது கீழ்மூலையில் எழுத்துகள் தண்ணீரில் நனைந்தது போல ஊறிக் கிடந்தன. “நடுவுலதான சார் எல்லாரும் பாப்பாங்க” என்றார் கடைக்காரர். “வீட்டுக்கு மூலைதாங்க முக்கியம். நடுவுல என்ன இருக்கு, வெறும் தரை” என்றார் இவர். இரண்டாவது லென்ஸ் கூர்மையில் குறை சொல்ல முடியாதது. ஆனால் ஓரத்தில் இருந்த கதவுச் சட்டம் வயிறு முட்டச் சாப்பிட்டவர் போலப் பிதுங்கி நின்றது. மூன்றாவது, பதினாறிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் வரை போவது. பெயின்ட் உதிர்ந்த கிழம், தூக்கினால் கை வலிக்கும். அதில் மேல்மூலையில் ஒட்டியிருந்த தாளின் மிகச் சின்ன விளம்பரத்தைக்கூட எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிந்தது. அதைப் பையில் போட மனம் வராமல் கேமராவோடு கழுத்தில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

இந்த லென்சுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் இருப்பதை இழுத்துப் பெரிதாக்கும், எதிர்ச்சுவரைத் தூரத் தள்ளும். பதினாறில் வைத்து வாசலில் நின்று எடுத்தால் கோழிக்கூண்டும் கூடம் போலத் தெரியும். ரசமட்டத்துக்கு இது தெரியாததல்ல. அதனால் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தார். அறைகளை இருபதுக்குக் கீழே போய் எடுப்பதில்லை. கேமரா நெஞ்சு உயரம், மின்விசிறி நிறுத்தம், செங்குத்துக் கோடெல்லாம் செங்குத்தாக. “இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுங்களேன்” என்று தரகர்கள் நச்சரித்தால், “சுவத்தை இடிச்சுட்டுக் கூப்பிடுங்க, வரேன்” என்பார். பாத்ரூமுக்கு மட்டும் விலக்கு. அங்கே நிற்க இடம் இருக்காது. வேறு வழியில்லாமல் பதினாறுக்குப் போவார். போகும்போது தப்புச் செய்கிற நினைப்பே வராது. படத்தில் இருப்பதெல்லாம் வீட்டில் இருக்கிறதே, பொய் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மனிதன் தனக்கு வைத்துக்கொள்கிற விதியில் எப்போதும் ஒரு ஓட்டையையும் தானே வைத்துக்கொள்கிறான். அவர் ஓட்டை பாத்ரூம்.

காலி வீட்டில் வெறும் சுவரைப் பார்த்தால் யாருக்கும் குடிவர மனம் வராது. அதற்காக ஒரு நீலப் பீங்கான் ஜாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருப்பார். ஜன்னல் விளிம்பிலோ சமையல் மேடையிலோ அதை வைத்துத்தான் எடுப்பார். அது அவர் அக்கா கொடுத்தது. அவர் தனியாகத் தொழில் தொடங்கிய அன்று, “வெறும் வீட்டுல இத வெச்சு எடு தம்பி, ஆள் இருக்கற மாதிரி இருக்கும்” என்று தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாய் ஓரத்தில் கொஞ்சம் விண்டிருக்கும். விண்ட பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்.

அக்காவுக்கு இவர் தம்பி மட்டுமல்ல. அப்பா போனபிறகு வளர்த்தவள். தம்பி எடுத்த படம் எந்த விளம்பரத்தில் வந்தாலும் வெட்டி வைத்துக்கொள்வாள். அவள் புருஷன், இவருக்கு மாமா, முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு பக்கமும் கடைகள் பிதுங்கி நிற்கிற சந்தில் நீளமான பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் வளைத்துத் திருப்புவார். ஓய்வுபெற்று ஆறு மாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குறைந்து, ஒரு நேரத்துக்கு ஒரு சொல்தான் வரும். அதையும் யோசித்துத்தான் எடுப்பார்.

விழுந்ததிலிருந்து இரண்டு வருடமாக மாமாவுக்கு ஒரே ஒரு ஆசை. பாத்ரூமுக்குத் தானே போய், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். நடக்க வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவர்கள் குடியிருந்த வீட்டில் பாத்ரூம் வாசலில் ஒரு சாண் உயரப் படி. சக்கர நாற்காலி ஏறாது. அக்கா அவரை அணைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்து, விழுந்துவிடுவாரோ என்று அங்கேயே நிற்பாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள், ஆனாலும் நிற்பாள். மாமா கண்ணை மூடிக்கொள்வார். கதவைத்தான் மூட முடியவில்லை, கண்ணையாவது மூடிக்கொள்கிறார் என்று அக்கா ஒருநாள் தம்பியிடம் சொல்லி அழுதாள்.

“படி இல்லாத வீடா ஒண்ணு பாத்துடலாம்கா. நான் தினம் நாலு வீடு பாக்கறேன், எனக்குக் கிடைக்காதா” என்று அவரும் சொல்லி வைத்தார். சொல்லி எட்டு மாதம் ஆனது. தினம் நாலு வீடு பார்த்தார். பார்த்ததெல்லாம் மூலை கூர்மையாக விழுகிறதா என்றுதான். எந்த வீட்டு வாசலிலும் நின்று, இதில் மாமாவின் சக்கர வண்டி நுழையுமா என்று அவர் யோசிக்கவில்லை. இதை நினைத்தால் அவர்மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டால் பாவமாகவும் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை வேலையில் இருக்கும்போது அக்காவிடமிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்தன. படம் எடுக்கும்போது போனை அணைத்துவிடுவார், முக்காலி அதிருமாம். சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்லடா. வீடு பாத்தாச்சு. உடனே சொல்லணும்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். ஞாயித்துக்கிழம மாத்தறோம்” என்றாள்.

“போய்ப் பாத்தியாக்கா?”

“எங்கடா போறது, இவர யாருகிட்ட விட்டுட்டுப் போக? ரெண்டு பஸ் மாறணும். ஆனா நல்லாப் பாத்துட்டேன்.” அவள் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. “நீ வந்து பாரு, உனக்கே தெரியும்.”

சிரிப்பு எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. அக்கா சிரித்து நாளாகிவிட்டதே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அனுப்பிய முகவரிக்குப் போனார். தெருமுனை திரும்பியதுமே எங்கோ பார்த்த இடமாக இருந்தது. தினம் நாலு வீடு பார்க்கிறவருக்கு எல்லாத் தெருவும் பார்த்த தெருதான். பச்சை இரும்புக் கேட்டைப் பார்த்தபோதுதான் நின்றார். அந்தக் கேட்டின் கொண்டியில் அவர் விரல் நசுங்கியிருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்னால், முக்காலியோடு உள்ளே நுழையும்போது.

தரைத்தளம். ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, ஒரு நடை, நடையின் கோடியில் பாத்ரூம். எல்லாம் நினைவுக்கு வந்தது. பாத்ரூமைத்தான் கடைசியாக எடுத்தார். உள்ளே நின்றால் பாதிச் சுவர்தான் விழுந்தது. வாசலில் நின்றால், உட்பக்கமாகத் திறக்கிற கதவு படத்தின் இடது ஓரத்தில் பலகையாக நின்று மறைத்தது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கீலின் ஊசிகளைக் கீழிருந்து தட்டி உருவினார். கதவைத் தூக்கி நடைச் சுவரில் சாய்த்தார். ஜாடியைச் சின்ன ஜன்னலில் வைத்தார். பதினாறில் வைத்து எடுத்தார். கோடி மூலையில் டைல்சுக்கு நடுவே இருக்கிற வெள்ளைச் சிமெண்ட் கோடுகூட ஊசியால் கிழித்தது போலத் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டு அந்த மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார். “பாத்ரூம்தான இது” என்றாள் அவள். கதவைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் வந்தார். பொறுப்பான மனிதர்.

இப்போது அதே கேட்டுக்கு முன்னால் நின்றார். சாமான் வண்டி வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வேனில் அக்காவும் மாமாவும். வேனிலிருந்து சக்கர நாற்காலியை இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். மாமா சவரம் செய்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டை. ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியவர் போல இருந்தார்.

“வந்துட்டியா” என்று அக்கா அவர் தோளில் தட்டினாள். “படியே இல்ல பாத்தியா, கேட்டுலேர்ந்து உள்ள வரைக்கும் ஒரே மட்டம். பாத்ரூமும் மட்டம்தான். அது மட்டுமில்ல, நான் அளந்தும் பாத்துட்டேன்.”

“வராமயே எப்படிக்கா அளந்த?”

“படத்துல டைல்ஸ எண்ணினேன்.” அக்கா நாலு விரலையும் கட்டைவிரலையும் விரித்துக் காட்டினாள். “குறுக்க அஞ்சு டைல்ஸ். நம்ம பழைய வீட்டு டைல்ஸ் ஒரு அடி, ஸ்கேல் வெச்சுப் பாத்தேன். அப்ப அஞ்சு அடி ஆச்சு. இவருக்குக் கைகால் பயிற்சி குடுக்க வர பொண்ணு சொல்லியிருக்கா, வண்டி உள்ளயே திரும்பறதுக்கு அஞ்சு அடி வேணும்னு. சரியா அஞ்சு. கடைசி மூலை டைல்ஸ் வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுது தெரியுமா, அதனாலதான் எண்ண முடிஞ்சுது. மத்த வீட்டுப் படமெல்லாம் ஓரத்துல ஒரே மசமசப்பு, ஒண்ணும் எண்ண முடியல.”

அந்த டைல்ஸ் எட்டு அங்குலம். அவருக்குத் தெரியும். ஐந்தெட்டு நாற்பது. நாற்பது அங்குலம் என்றால் மூன்றடி நான்கு அங்குலம். வாயைத் திறந்தார். மாமா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். ஒருவேளை தன் நினைவு தப்பாக இருக்கலாம். ஒருவேளை வண்டி குறுகலாக இருக்கலாம். இப்படி நாலைந்து ஒருவேளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் உள்ளே ஓடினார்.

நினைவு தப்பவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் நினைவு தப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றிய ஒரே நாள் அதுதான். பாத்ரூம் தரையில் மண்டியிட்டு ஒரு டைல்சின்மேல் கையை விரித்துப் பார்த்தார். ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது. சாமான் இறக்குகிற ஆளிடம் டேப் வாங்கி வாசலை அளந்தார். சட்டத்துக்குச் சட்டம் இருபத்தாறு அங்குலம். திறந்து நிற்கிற கதவின் கனம் ஒன்றரை அங்குலம், அது அந்த இருபத்தாறிலேயே கழிகிறது. மாமாவின் வண்டியை அவர் முன்பே ஒருதரம் அளந்திருக்கிறார், வாங்கும்போது. இருபத்தைந்து.

வெளியே போய், இரண்டு வீட்டுக்கும் தரகராக இருந்தவருக்குப் போன் போட்டார். பழைய வீட்டை மறுபடி கேட்க முடியுமா என்று கேட்டார். அங்கே வெள்ளையடிக்கிற ஆள் காலையிலேயே ஏறிவிட்டான், புதன்கிழமை வேறு குடும்பம் வருகிறது என்றார் தரகர். இந்த வீட்டில் கதவை மாற்றி மடக்குக் கதவு போடலாமா என்று கேட்டார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதென்று எழுதி வாங்கியிருக்கிறார், கேட்டுச் சொல்ல மாதமாகும் என்றார். கடைசியில், “அந்த வீட்டுக்கு உங்க படத்தப் பாத்துட்டு எத்தன பேரு போன் பண்ணாங்க தெரியுமா சார், பாத்ரூம் படத்துக்கே பாதிப் பேரு” என்று மகிழ்ச்சியாகச் சொல்லி வைத்தார்.

அவர் உள்ளே வரும்போது அக்கா வண்டியை நடையில் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். சாமானெல்லாம் அப்புறம், முதலில் இவர் பாத்ரூம் போய்விட்டு வரட்டும் என்று அவளுக்கு அவசரம். மாமாவுக்கும் அவசரம்தான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. புது வீட்டில்தான் போவேன் என்று இருந்திருக்கிறார்.

வண்டி வாசலில் முட்டி நின்றது.

அக்கா பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள். இடது சக்கரம் கதவில் உரசிக் கீச்சிட்டது. மாமா நல்ல கையைத் தூக்கினார். பழைய வழக்கத்தில், பின்னால் பார்த்து பஸ் எடுக்கிறவனுக்குச் சைகை காட்டுவது போல, கொஞ்சம் பின்னே, இப்போது வலது, நேராக்கு, வா என்று விரலாலேயே காட்டினார். அவர் காட்டியபடியே அக்கா தள்ளினாள். மறுபடியும் முட்டியது. மாமா இன்னொரு கோணம் காட்டினார். முப்பது வருடம் சந்துக்குச் சந்து நுழைந்த கை அது. ஐந்து முறை காட்டிவிட்டு அந்தக் கை மெதுவாக இறங்கி மடிக்கு வந்துவிட்டது.

“எண்ணினேனே” என்றாள் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை. “அஞ்சு இருக்கே. இதோ பாரு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு.” குனிந்து தரையைத் தொட்டாள். தொட்ட கை டைல்சின்மேல் அப்படியே நின்றது. எட்டு அங்குலம் எவ்வளவென்று கை சொல்லிவிட்டது.

சாமான் இறக்குகிற ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டலாமே என்றார். மாட்டினாலும் நடைச் சுவர் தடுத்து முழுக்கத் திறக்காது, அதே ஒன்றரை அங்குலம் அங்கேயும் போகும் என்று ரசமட்டம் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் அளவு இருந்தது. தலைகீழாக நின்றாலும் அந்த அரை அங்குலத்தைக் கொண்டுவர அவரிடம் வழி இல்லை.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அவர் பையைத் திறந்து திருப்புளியை எடுத்தார். அந்தப் பை இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. “வண்டியக் கொஞ்சம் பின்னால இழு அக்கா” என்றார். கீழ்க்கீலின் ஊசியைத் தட்டினார், அப்புறம் மேல்கீல். எதையும் தேடவில்லை. மேல் ஊசி பாதியில் சிக்கும், அதை இடது பக்கம் நெம்ப வேண்டும் என்பதுகூட அவர் கைக்கு நினைவிருந்தது. கதவைத் தூக்கி அதே நடைச் சுவரில், அதே இடத்தில் சாய்த்தார். முன்பு சாய்த்த தடம் சுண்ணாம்பில் கீறலாக இருந்தது.

அக்கா வண்டியைத் தள்ளினாள். இரண்டு பக்கமும் அரை அங்குல இடைவெளியில் வண்டி உள்ளே போனது. உள்ளே திரும்பவில்லை, திரும்ப இடமில்லை. நேரே போய் நின்றது. மாமா இடது கையால் சுவரில் பதித்திருந்த கம்பியைப் பிடித்தார். அக்கா வெளியே வந்தாள்.

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “இப்பத்தான் படத்துல பாத்த மாதிரி இருக்கு” என்றாள்.

அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “அக்கா, அந்தப் படம் நான் எடுத்தது” என்றார். “கதவக் கழட்டி வெச்சுட்டு எடுத்தேன். கதவு இருந்தா இடம் அடைக்கும்னு.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார், அதற்குப் பிறகு ஏதோ ஒரு வழி பிறந்திருக்கும்.

“நீ எடுத்ததுன்னு தெரியுமே” என்றாள் அக்கா. “ஜன்னல்ல ஜாடி இருந்துச்சு. நான் குடுத்த ஜாடி எனக்குத் தெரியாதா. விண்ட பக்கம் அந்தாண்ட திருப்பி வெச்சிருந்த. அத நெருக்கத்துல பாத்த உடனேதான் சரின்னு சொன்னேன். எந் தம்பி உள்ள போய்ப் பாத்த வீடு, அவன் நின்ன எடம், இதுக்குமேல நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்னு நெனச்சேன். டைல்ஸ்கூட சும்மா ஆசைக்குத்தான் எண்ணினேன். உங்கிட்ட அன்னிக்கே சொல்லல, வந்து பாத்துட்டு நீயே சிரிப்பேன்னு.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கடையில் வாங்கிய பொருளைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். சொன்னால் அக்கா மன்னித்துவிடுவாள், அப்புறமும் வாசல் இருபத்தாறு அங்குலமாகவே இருக்கும்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமா யோசித்து எடுத்த ஒரு சொல்.

“கதவு.”

அக்கா அவரைப் பார்த்தாள். ஹாலில் சாமான் ஆட்கள் கட்டிலின் கால்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நடை நேரே ஹாலுக்குத் திறந்து கிடந்தது. போர்வை ஏதாவது மறைப்பாகக் கட்டலாமென்றால் துணி மூட்டைகள் இன்னும் சாமான் வண்டியில் இருந்தன.

“கதவு” என்றார் மாமா மறுபடியும். இந்தமுறை கொஞ்சம் உரக்க.

ரசமட்டம் சுவரில் சாய்த்திருந்த கதவைத் தூக்கினார். கனமான கதவு, ஒரு ஆள் தூக்குகிற கதவல்ல. எடுத்து வந்து வாசல் சட்டத்தில் வெளியிலிருந்து பொருத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். தோளை அதில் கொடுத்துக்கொண்டு, முகத்தை ஹால் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திர மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். மாமா உள்ளே இருக்கும்போது அவள் இன்னோர் அறையில் இருப்பது இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கதவு இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. மேலே சட்டத்தோடு அது ஒட்டவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நேராக்கப் போனால் பிடி தளர்ந்து இடுக்கு விழும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு நேரம் பிடிக்கும், இடது கையால் எல்லாம் செய்ய வேண்டும். அவசரமே இல்லை மாமா என்று சொல்ல நினைத்தார். சொன்னால் கதவுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்துவிடும்.

உள்ளே குழாய்த் தண்ணீர் விழுந்தது. நின்றது. பிறகு மாமாவின் குரல், கதவுக்கு இரண்டு அடி அந்தப் பக்கத்திலிருந்து.

“சாத்தியாச்சா?”

“சாத்தியாச்சு மாமா” என்றார்.